குதிரைக்கு வழி விடுங்கள்

கேள்வி: இங்கிலாந்துக் கிராமச் சாலையில் கார் ஓட்டும்போது முன்னால் குதிரை போனால் ஹார்ன் அடிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்! குதிரைக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது. மிரண்டு ஓடும் பிறப்புரிமை உண்டு. 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட அந்நாட்டுச் சாலை விதிநூல், மணிக்கு 10 மைலுக்கு மேல் போகாமல், குறைந்தது 2 மீட்டர் தள்ளிக் கடக்கச் சொல்கிறது. இரண்டு குதிரைகள் ஜோடியாகப் போனால் கோபப்படாதீர்கள். பழகாத குதிரைக்கோ புதிதாக ஏறிய பிள்ளைக்கோ பக்கத்தில் ஒருவர் காவலாக வருகிறார்.

சவாரி செய்பவர் இடப்பக்கமாகவே போகட்டும். பளிச்சென்ற மேலாடை அணியட்டும். தலைக்கவசத்தை 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. ஐம்பது வயது மண்டையும் உடையும் என்பதால், எல்லோருமே போடவேண்டும் என்பேன்.

கடந்ததும் ஆக்ஸிலரேட்டரை அழுத்திவிடாதீர்கள். குதிரையின் காது எந்தப் பக்கமும் திரும்பும்!