புது மாடல் வந்தபின் பழைய ஆர்15-ஐ அடிமாட்டு விலைக்கு விற்பது எப்படி?

முதல் வேலை, பொறுமையாக இருப்பது. புது மாடல் வரப்போகிறது என்று யூடியூபில் பேச்சு கிளம்பும்போதே விற்றுவிடாதீர்கள். நல்ல விலை கிடைத்துத் தொலைக்கும். 2021 செப்டம்பரில் யமஹா ஆர்15 வி4 வந்ததே, அதுபோல ஒன்று ஷோரூமில் இறங்கி, உத்திரமேரூர் பஸ் நிலையம் பக்கம் நாலு வண்டி ஓட ஆரம்பிக்கட்டும். அப்புறம் உங்கள் வி3-ஐத் துடைத்து வாசலில் நிறுத்துங்கள்.

ஒரகடத்தில் ஷிப்டு முடித்து நேரே வண்டி பார்க்க வரும் தம்பி எஞ்சின் சத்தத்தைக் கேட்கமாட்டார். முன்சக்கரத்துக்கு எதிரே குந்தி உட்கார்வார். "கோல்டு ஃபோர்க் இல்லையாண்ணா?" என்பார். வி3-க்கு முகத்தில் இரண்டு விளக்கு, வி4-க்கு நடுவில் ஒன்றுதான். அந்த ஒரு விளக்கிலேயே உங்களுக்குச் சில ஆயிரம் போச்சு. இரண்டிலும் ஒரே 155 சிசி எஞ்சின்தான், பிஎஸ்4 காலத்து வி3-க்கு 19.3 குதிரைத்திறன், வி4-க்கு 18.4தான் என்று தப்பித்தவறி வாய்விடாதீர்கள். (விட்டாலும் பேரம் அசையாது. இந்த ரக வண்டியில் காசு முகத்துக்குத்தான்.)

இதைவிட நல்ல முகூர்த்தமும் உண்டு. அதே 2021 நவம்பரில் வி3-க்கே பிரிவில்லாத ஒரே நீள சீட்டைப் போட்டு, ஆர்15எஸ் என்று வி4-ஐவிடக் குறைந்த விலைக்குக் கம்பெனியே விற்றது. பழைய முகம் புத்தம் புதிதாகக் கிடைக்கும்போது நீங்கள் ஓட்டியதை யார் தொடுவார்? 2025 செப்டம்பர் 22 இன்னும் விசேஷம். 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமானது. புது மாடலே வராமல் பழைய வண்டியின் விலை இறங்கிய நாள். அதற்கு முந்தின மாதம் வாங்கியவர்களைப் பற்றி இங்கே பேசவேண்டாம்.

விலை சொல்லும்போது, வாங்கிய அன்றைய ஆன்ரோடு விலையிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். சைலன்சருக்கும் ஸ்டிக்கருக்கும் கொட்டியதை அதன்மேல் ஏற்றுங்கள். கம்பெனி சைலன்சரை ஏற்கெனவே பழைய இரும்புக் கடையில் போட்டிருப்பீர்கள். இல்லையென்றால் இன்றே போடுங்கள்.

சர்வீஸ் பில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. நம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடவோலைக்கே ஆகாது என்கிறது. வண்டி வாங்க வருபவர் அவ்வளவு கறார் இல்லை, பத்தாயிரம் குறைத்துக் கேட்பதோடு விட்டுவிடுவார்.

ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர் யோசனையை மட்டும் கேட்காதீர்கள். 1996-ல் உற்பத்தி நின்ற வண்டி அது. அவர் வருஷத்துக்கு வருஷம் விலையை ஏற்றிச் சொல்வார், வாங்கவும் ஆள் இருக்கும்.

கடைசியாக, கைக்குக் காசு வந்ததும் சாவியைக் கொடுத்துவிடுங்கள். படிவம் 29, 30 எல்லாம் "அப்புறம் பார்த்துக்கலாம்". பெயர் மாற்றத்தை 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம், அதுபாட்டுக்கு இருக்கட்டும். வந்தவாசி ரோட்டில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பறந்ததற்கான இ-சலான் உங்கள் செல்லுக்கு வரும். படத்தில் வண்டியின் பின்பக்கம்தான் விழுந்திருக்கும். அங்கிருந்து பார்த்தால் வி3, வி4 எல்லாம் ஒன்றுதான்.