பாட்டிலா, பாஸ்வேர்டா?

புதுச்சேரி போய்விட்டு மஞ்சக்குப்பம் திரும்பினால் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் மறிப்பார்கள். “சீட்டைத் தூக்கு தம்பி.” தேடுவது மது பாட்டில், இல்லையென்றால் போகலாம். என்ன தேடுகிறோம் என்று ஏட்டய்யாவுக்குத் தெளிவாகத் தெரியும். சட்டைப்பையில் உள்ள செல்போனை அவர் சீந்துவதில்லை.

அதே தம்பி மேல்படிப்புக்கு அமெரிக்கா போகட்டும். கைதானவனின் போனைப் பார்க்கவே வாரண்ட் வேண்டும் என்று 2014-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விமான நிலையத்தில் இறங்குகிறவனுக்கோ வாரண்ட் இல்லாமலே சோதனை. கைதிக்குள்ள மரியாதை விருந்தாளிக்கு இல்லை! 2025 முதல், மாணவர் விசா கேட்டாலே சமூக வலைதளக் கணக்குகளை ஊரறியத் திறந்துவைக்க வேண்டுமாம்.

பார்க்கட்டுமே. சித்தப்பா அனுப்பிய குட்மார்னிங் ரோஜாக்களைத் தாண்டுவதற்குள் அதிகாரிக்கு முதல் செமஸ்டர் முடிந்துவிடும்.