ஊரார் வீட்டுப் பரண்

கேள்வி: யார் வைத்தது, எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் இணையத்தில் ஒரு கோப்பை ஒளித்து வைக்க முடியுமா?

பதில்: முடியும். எடின்பரோ பல்கலைக்கழக மாணவராக இருந்த இயன் கிளார்க்கின் யோசனையில் பிறந்து, 2000இல் வெளிவந்த ஃப்ரீநெட் என்ற வலையமைப்பு இதற்காகவே வந்தது. அதில் சேருகிறவர்கள் தங்கள் கணினியில் கொஞ்சம் இடம் ஒதுக்குவார்கள். உங்கள் கோப்பு துண்டு துண்டாகி, பூட்டிய பொட்டலங்களாக ஊரார் வீட்டுப் பரண்களில் ஏறிக்கொள்ளும். உள்ளே என்ன இருக்கிறதென்று பரண்காரருக்கே தெரியாது, சாவி உங்களிடம். ஒரே சிக்கல், இடம் போதாமல் போனால், யாரும் தேடி வராத பொட்டலம்தான் முதலில் குப்பைக்குப் போகும். ஆக, உங்கள் ரகசியம் நிலைக்க வேண்டுமானால் நாலு பேர் அதை அடிக்கடி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் அதற்குப் பெயர் ரகசியமா?