வெண்டைக்காய்க்கு உள்ள மரியாதை

வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் வாங்குகிறவர் நம்மில் அரிது. கத்திரிக்காயில் ஓட்டை தேடுகிறோம், தேங்காயைக் காதருகே ஆட்டிக் கேட்கிறோம். இதே நாம்தான், ‘தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து இந்தியா’ என்றொரு படம் வந்தால் மூன்று நொடியில் நாற்பது பேருக்கு அனுப்புகிறோம். அந்தப் படத்துக்கும் தீபாவளிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. செயற்கைக்கோள்கள் பல ஆண்டுகளாக எடுத்த இரவுப் படங்களைச் சேர்த்து, எந்தக் காலத்தில் எங்கே விளக்குகள் பெருகின என்று வண்ணம் பிரித்துக் காட்டியது அது. தீபாவளியின் கூடுதல் வெளிச்சம் மேலிருந்து பார்த்தால் தெரியாத அளவுக்குச் சொற்பம் என்று 2012இல் நாசாவே சொல்லிவிட்டது. என்ன பயன்? ஐப்பசி பிறந்தால் அதிரசத்துக்கு முன்னால் படம் வந்துவிடுகிறது.

செயற்கை நுண்ணறிவு வரையும் போலிப் படத்தைப் பிடிக்க, அதிலுள்ளவர்களின் விரல்களை எண்ணச் சொன்னார்கள். அதுவும் அதற்குள் ஐந்து வரை எண்ணக் கற்றுக்கொண்டுவிட்டது. பிறவியிலேயே ஆறு விரல் உள்ளவர்கள்மேல் வீண் சந்தேகம் விழுந்ததுதான் மிச்சம். கண்ணின் கூர்மையை நம்பலாமா என்றால், ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலைக் கேட்க வேண்டும். 1917இல் இங்கிலாந்தின் காட்டிங்லியில் இரண்டு சிறுமிகள் காகிதத் தேவதைகளை வெட்டி, தொப்பி ஊசியால் நிறுத்திப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். 1920இல் அவை நிஜம் என்றே டாயில் எழுதினார். ஒரு குள்ள உருவத்தின் வயிற்றில் ஊசிமுனை புள்ளியாகத் தெரிந்தது. அதைத் தொப்புள் என்று முடிவுகட்டி, தேவதைகளுக்கும் நம்மைப் போலவே பிரசவம் என்று கண்டுபிடித்தார்! பார்வையில் பழுதில்லை, ஆசைதான் முந்திக்கொண்டது. சிறுமிகள் கிழவிகளாகி 1983இல்தான் உண்மையைச் சொன்னார்கள்.

ஆகவே சரக்கை முறைப்பதைவிட அது வந்த வழியைக் கேட்பதே மேல். நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக்கூடாது என்பது படமூலத்துக்குப் பொருந்தாது. தங்கத்தில் இதைச் செய்துவிட்டோம். 2021 முதல் ஹால்மார்க் நகைக்கு ஆறு இலக்க அடையாளக் குறி உண்டு. பிஐஎஸ் கேர் செயலியில் அதைத் தட்டினால் சோதித்த மையம் வரை ஜாதகம் வருகிறது. முத்திரையையே போலியாகக் குத்தினால்? குத்தலாம்தான். அதனால்தான் முத்திரையைப் பார்ப்பதோடு நிற்காமல் குறியைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. ‘அனுப்பியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பொய் சொல்வாரா?’ என்பார்கள். மாட்டார். அவரும் யாரையும் கேட்கவில்லை, அவ்வளவுதான். நேரமில்லை என்பதை மட்டும் ஏற்பதற்கில்லை. கூகுள் லென்ஸில் படத்தைத் தேடிப் பார்க்க, கால் கிலோ வெண்டைக்காய் பொறுக்கும் நேரம்கூட ஆகாது.

இந்த ஐப்பசியிலும் அந்தப் படம் வரும். ‘எங்கே கிடைத்தது, சார்?’ என்று ஒரு வரி திருப்பி எழுதிப் போடுங்கள்.