பழைய காருக்குப் புது இன்ஜின் பாவமா?

கேள்வி: 1941 செவ்ரோலே பிசினஸ் கூப்பே போன்ற பழைய கார்களுக்கு அமெரிக்காவில் புது இன்ஜின் மாட்டி ‘ஸ்ட்ரீட் ராட்’ ஆக்குகிறார்களே, இது வரலாற்றைக் கெடுப்பது ஆகாதா?

பதில்: ஆகாது. அந்தக் கார் காட்சிக்கு வைக்கப் பிறந்ததல்ல, ஓடிப் பிழைக்கப் பிறந்தது. ஊர் ஊராகச் சரக்கு விற்றவர்களுக்காகச் செய்த வண்டி அது. பின்சீட் கிடையாது, அந்த இடமும் பெரிய டிக்கியும் மாதிரிச் சரக்குப் பெட்டிகளுக்கு. அதன் 90 குதிரைசக்தி ஆறு சிலிண்டர் இன்ஜினில், கனெக்டிங் ராட் பேரிங்குகளுக்கு எண்ணெய் முழு அழுத்தத்தில் போகாது; ராடின் அடிமுனை எண்ணெய்த் தொட்டியில் தோய்ந்து எடுத்துக்கொள்ளும். நிதானமாகப் போகும்வரை தொல்லையில்லை. அமெரிக்காவின் 1956 நெடுஞ்சாலைச் சட்டத்துக்குப் பின் பெருகிய விரைவுச்சாலைகளில் மணிக்கணக்கில் விரட்டினால் பேரிங் தாங்காது. 1955-இல் செவ்ரோலேவே கொண்டுவந்த வி8 வகை இன்ஜினும், முன்சக்கர டிஸ்க் பிரேக்கும், 12 வோல்ட் மின்சாரமும் ஏறினால் அதே வண்டி இன்றைய லாரிகளுக்கு நடுவே அச்சமின்றி ஓடும்.

‘அசல் போய்விடுகிறதே’ என்பது நியாயமான கவலை. உதிரிபாகம் குறையாத அசல் வண்டி கிடைத்தால் அதில் வெல்டிங் டார்ச்சை வைக்கவே கூடாது. அது அப்படியே இருக்கட்டும். ஆனால் இன்ஜின் போய், தரைத்தகடு துருவேறி, வெறும் கூடாக நிற்கும் வண்டிக்கு எதிரே இருப்பது அருங்காட்சியகம் அல்ல, பழைய இரும்புக்கடை. அங்கிருந்து மீட்டுச் சாலைக்குக் கொண்டுவருகிறவர் வரலாற்றைக் கெடுக்கவில்லை, காப்பாற்றுகிறார்.