வேரிசை வேந்தர்

சனிக்கிழமை விடிகாலையில் மரக்காணம் உப்பளத்தை ஒட்டி ஒரு புல்லட் நின்றால், வந்திருப்பவர் மூன்று பேரில் ஒருவர். கழுவெளிக்குப் பறவை பார்க்க வந்தவராக இருக்கலாம். உப்புக் குவியலுக்கு முன்னால் கல்யாண ஜோடியை நிறுத்திப் படம் பிடிக்க வந்தவராக இருக்கலாம். பைனாகுலரும் இல்லாமல் ஜோடியும் இல்லாமல் கையில் ஒரு கோலோடு ஒருவர் இறங்கினால், அவர்தான் வேரிசை வேந்தர். கோலின் நுனியில் ஒரு மைக். காற்றிரைச்சல் விழாமலிருக்க அதற்குச் சாம்பல் நிறத்தில் மயிர்ப்போர்வை. உப்பளத்துப் பெண்கள் அதைக் கீரிப்பிள்ளை என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

வேந்தருக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அது வயிற்றுக்கு. உயிர் இருப்பது வேறிடத்தில். உலகம் இன்னும் கேட்காத பாட்டைத் தான் முதலில் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். கல்லூரி நாளில் அமெரிக்காவின் ‘ஆல்டர்நேட்டிவ் கன்ட்ரி’ இசைப் பக்கம் போனார். அங்கிள் டுப்பலோ என்ற குழு 1990இல் ‘நோ டிப்ரஷன்’ என்று முதல் ஆல்பம் போட்டது, அந்தப் பெயர் கார்ட்டர் குடும்பம் பாடிய பழைய பாட்டிலிருந்து வந்தது, அந்தக் குடும்பத்தை 1927இல் பிரிஸ்டல் ஊரில் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்தவர் ரால்ஃப் பியர் என்று இவர் சொல்லத் தொடங்கினால் டீ ஆறிவிடும். கேட்பவருக்கு ஒரு பாட்டாவது போட்டுக் காட்டுவாரா? மாட்டார். பாட்டுக்கு முந்தைய வரலாறு முடிந்தால்தானே பாட்டுக்கு வர முடியும்.

பிறகு தமிழுக்குத் திரும்பினார். அந்தோணிதாசனின் குரலை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார். 2013இல் ‘சூது கவ்வும்’ படம் வந்து, அந்தக் குரல் ஷேர் ஆட்டோவுக்குள் ஏறியதும் கையை உதறிவிட்டார். 2018 ஜனவரியில் சென்னையில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதல் மேடை ஏறியபோது கூட்டத்தில் நின்று ஆடியவர், மறுவாரம் அலுவலக மேலாளரே அவர்கள் பாட்டை முணுமுணுத்ததைக் கேட்டு மனமொடிந்தார். இத்தனைக்கும் குரலும் குழுவும் மாறவில்லை. கேட்கிற கூட்டம் கூடியது ஒன்றுதான் குற்றம்.

அதனால்தான் இப்போது உப்பளம். இங்கே யாரும் கூட மாட்டார்கள் என்பது அவர் நம்பிக்கை.

“இன்னா சார், மழைக்கால நிவாரணக் கணக்கெடுப்பா?” என்று வரப்பிலிருந்து ஒரு பெண் கேட்பார். மழை மாதங்களில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளிக்கு அரசு தரும் 5,000 ரூபாயைத் தவிர, இங்கே படித்தவர் வந்து இறங்க வேறு காரணம் இருக்க முடியாது.

“இல்லக்கா. பாட்டு பதிவு பண்ண வந்திருக்கேன். உப்பு வாரும்போது பாடுவீங்களே…”

“உப்பு வாரும்போது மூச்சே எரைக்குது. பாட்டு எங்கேர்ந்து வரும்?”

வேந்தர் நம்ப மாட்டார். லோமாக்ஸ் தந்தையும் மகனும் 1933இல் லூசியானா சிறைக்குள் போய் லெட் பெல்லி என்ற பாடகரைக் கண்டெடுக்கவில்லையா? வேர் ஆழமாகத்தான் இருக்கும். பொறுமை வேண்டும். இதற்கிடையில், வரப்பில் சோற்றுப் பைக்குள் ஒரு செல்போன் இளையராஜாவைப் பாடிக்கொண்டிருக்கும். பாத்தியில் பலகை இழுக்கும் கை அந்தத் தாளத்துக்குத்தான் போய்வரும். உப்பளத்தின் தொழிற்பாட்டு அவர் காலடியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. இவரோ, “அக்கா, அதைக் கொஞ்சம் நிறுத்துங்களேன், இயற்கையான ஒலி கெடுது” என்பார். மரியாதைக்காக நிறுத்துவார்கள். வேந்தருக்குக் கிடைப்பது பலகை உரசும் சத்தமும், தூரத்தில் பாண்டிச்சேரி பஸ்ஸின் ஹாரனும். அதை ‘உப்பு: பகுதி ஒன்று’ என்று ஆல்பமாக வெளியிடுவார். பகுதி இரண்டுக்கு நிச்சயம் வருவார்.

இவருக்கு முன்னோர் உண்டு. சார்லஸ் கோவர் என்ற வெள்ளைக்காரர் தென்னிந்திய நாட்டுப்பாடல்களைத் திரட்டி 1871இலேயே புத்தகமாகப் போட்டார். பெர்சி மாக்வீன் என்ற அதிகாரி சேர்த்துவைத்த பாடல்கள் கி.வா.ஜகந்நாதன் கைபட்டு 1958இல் ‘மலையருவி’யாக வந்தன. அவர்கள் தேடினார்கள், கிடைத்ததை ஊருக்குக் கொடுத்தார்கள். வேந்தரின் மீதிச் சேகரமோ பூட்டிய ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. எந்த ஊர், எந்தக் கலைஞர் என்று கேட்டால், “இங்கதான், பக்கத்துல” என்று காற்றில் கை வீசுவார்.

இந்த இடத்தில் எனக்கு நல்லூர் நத்தத்தனாரை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. அவர் பாடிய சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. மன்னன் நல்லியக்கோடனிடம் பரிசு வாங்கித் திரும்பும் பாணன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு பாணனைப் பார்க்கிறான். எந்த வழியாகப் போக வேண்டும், எந்த ஊரில் என்ன கிடைக்கும், கடற்கரையில் சுட்ட குழல்மீன் தருவார்கள் என்பதுவரை சொல்லி அனுப்புகிறான். 269 அடிக்கு வழி சொல்கிறான்! யாழ் வாசித்த அசல் வேரிசைக்காரன் அவன். நம் வேந்தர் அவனிடத்தில் இருந்திருந்தால் சங்க இலக்கியத்தில் ஒரு நூல் குறைந்திருக்கும்.

பங்குனி, சித்திரையில் இந்தப் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். அங்கே போனால் அசல் பாட்டு கிடைக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வேந்தர் ஒன்பது மணிக்கே வந்து பாயின் முன்வரிசையைப் பிடித்தார். முகவீணை கேட்டுக் கண் கலங்கினார். அது நியாயம்தான், நள்ளிரவில் அந்தச் சின்னக் குழலின் கூர்மையைக் கேட்டுக் கலங்காதவர் குறைவு. ஆனால் ஆர்மோனியத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. கூத்து வாத்தியாரிடம் போய், “ஐயா, ஆர்மோனியம் ஐரோப்பாவுலேர்ந்து வந்தது. அதை எடுத்துட்டா இன்னும் அசலா இருக்கும்” என்றார்.

அரிதாரம் பூசிய முகத்தை நிமிர்த்தி வாத்தியார் கேட்டார்: “எடுத்துடலாம் தம்பி. அப்புறம் சுதி யாரு குடுப்பா, உங்க கீரிப்பிள்ளையா?”

அந்தக் கீரிப்பிள்ளை கட்டியக்காரன் காதுக்குப் போய்விட்டது. துரியோதனன் சபைக்கு வருமுன் ஊர் வம்பு பேசும் உரிமை கட்டியக்காரனுக்குத்தான். அன்று முக்கால் மணி நேரம் அவர் ஒரு துடைப்பக்கட்டையின் நுனியில் துண்டைச் சுற்றிக்கொண்டு மேடையில் வேந்தராகவே திரிந்தார். அம்மியிடம் பாட்டுக் கேட்டார். ஆட்டுக்கல்லிடம் கேட்டார். துரியோதனனிடமே, “மவராசா, கிரீடம் ரொம்பப் புதுசா இருக்குது, கழட்டிடுங்க, அசலா இருக்கும்” என்றார். ஊர் உருண்டு சிரித்தது. வேந்தரும் சிரித்தார். பதிவையும் நிறுத்தவில்லை. “பாருங்க, எழுதிவைக்காத நாடகம், கண்ணு முன்னாடி பிறக்குது” என்று பக்கத்துப் பாயிலிருந்தவரை உலுக்கினார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது முழுக்கச் சரி.

விடிந்ததும் ஊர்ப் பையன்கள் அதை ரீல்ஸில் போட்டுவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் சென்னை முழுக்கச் சுற்றியது. வேந்தரின் மேலாளரே அவருக்கு அனுப்பிவைத்தார். அவ்வளவுதான், வேந்தருக்குக் கூத்து கசந்துபோயிற்று. “எல்லாரும் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க, இனிமே ஒண்ணுமில்லை” என்று பெருமூச்சு விட்டார். செஞ்சிக்கு அந்தப் பக்கம் ஒரு பம்பை செட்டு இருக்கிறதாம்; இடம் சொல்ல மாட்டாராம்.

வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். அவர் வெற்றிலைத் தட்டில் வந்திருந்த இரண்டு ஆட்டத்து முன்பணத்தையும் எண்ணி மடியில் செருகிக்கொண்டே சொன்னார்: “அவரு போன் நம்பர் இருந்தா குடுங்க தம்பி. அடுத்த வெள்ளி செய்யூர் பக்கம் ஆட்டம். அவரு முன்னாடி உக்காரணும்னு கட்டியக்காரன் சொல்லிட்டான்.”