நந்தியாவட்டைத் திணை

அகத்திணை ஏழு என்றார் தொல்காப்பியர். நடுவில் ஐந்திணை, முன்னே கைக்கிளை, பின்னே பெருந்திணை. கூடல், பிரிவு, காத்திருப்பு, ஊடல், இரங்கல் எல்லாம் இந்த ஏழுக்குள் அடங்கிவிட்டன. ஆனால் மாற்றல் உத்தரவு வாங்கிய ஒரு குடும்பம் சிற்றூர் ஒன்றில் வாடகைக்கு வீடு பிடித்து, பால் காய்ச்சி, மறுநாள் காலை வாசலில் வந்து நிற்கும்போது நடப்பது எந்தத் திணை? பாலை என்று சொல்ல வழியில்லை. அத்தை முதல் அம்மிக்கல் வரை ஒரே லாரியில் வந்து இறங்கியாயிற்று, பிரிந்தவர் எவருமில்லை. 1885இல் சி.வை. தாமோதரம் பிள்ளை பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றினாரே, அவர் கைக்கு வருமுன் இந்த இடத்து ஏட்டைச் செல் அரித்திருக்க வேண்டும். அந்த இடைவெளியை நிரப்ப எட்டாவதாக ஒரு திணையை முன்மொழிகிறது இக்கட்டுரை.

ஆய்வுக்களம், திருவாரூர் மாவட்டத்து மன்னார்குடியில் ராஜகோபாலசுவாமி கோயிலுக்கும் ஹரித்ராநதிக்கும் நடந்துபோகிற தூரத்தில் உள்ள ஒரு தெரு. இக்களத்தைத் தேர்ந்ததற்கு ஆய்வியல் காரணம் ஒன்று உண்டு: அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

முதற்பொருள் நிலமும் பொழுதும் என்பது மரபு. நிலம் மருதம், அதில் ஐயமில்லை. பெரும்பொழுது, இளவேனில் போய் முதுவேனில் பிறக்கும் சந்தி. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். பள்ளிக்கூடங்கள் திறப்பதும் அதையொட்டித்தான். ஆகவே காவிரித் தண்ணீரும் மாற்றலாகி வரும் குடும்பங்களும் ஒரே பருவத்தில் டெல்டாவுக்குள் நுழைகின்றன. தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர நாளாகும். குடும்பம் பற்றிய செய்திக்கு அவ்வளவு நேரம் தேவைப்படுவதில்லை. சிறுபொழுது, விடியல். குழாயில் தண்ணீர் வருவதும், வாசல் தெளிப்பதும், பால் பாக்கெட் விழுவதும் அந்நேரத்தில்தான். பகல் பத்து மணிக்கு எழுந்து வருகிற குடும்பத்துக்கு இத்திணையில் இடமில்லை. அவர்களைப் பற்றித் தெரு தனியாகப் பேசிக்கொள்ளும்.

கருப்பொருளில் தெய்வம், தெருமுனைப் பிள்ளையார். விலங்கு, புது ஆளைப் பார்த்துக் குரைத்துவிட்டு பிஸ்கட்டுக்குப் பின் உறவு கொண்டாடும் தெருநாய். பறை, குப்பை வண்டியின் பாட்டு. யாழ், பக்கத்து வீட்டு குக்கர் விசில். மற்றவை வெளிப்படை.

பூவைப் பற்றி மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும், திணைக்குப் பெயர் தருவது அதுதான் என்பதால். குடிவந்த மறுநாள் விடியுமுன் கேட் திறக்கும் ஓசை கேட்டது. ஆய்வாளரின் மனைவி ஜன்னல் வழியே பார்க்கிறார். தலையில் துண்டு கட்டிய ஒரு பாட்டி, கையில் குடலை, சுற்றுச்சுவரை ஒட்டி நிற்கும் நந்தியாவட்டைச் செடியில் ஒரு கிளையை வளைத்துப் பிடித்து, மொட்டு உதிராமல் மலர்ந்ததை மட்டும் காம்போடு கிள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"யாருங்க அது?"

"நாந்தாம்மா. நீ தூங்கு."

இதைவிடத் தெளிவான பதிலை இந்த ஆய்வு வேறெங்கும் பெறவில்லை. பின்னர் விசாரித்ததில், அச்செடியில் பூப்பறிக்கும் உரிமை ஹெட்மாஸ்டர் ஒருவர் அவ்வீட்டில் குடியிருந்த காலம் தொட்டு பாட்டிக்கு உரியது என்று தெரிந்தது. குடியிருப்போர் மாறலாம், வீட்டுக்காரரே மாறலாம். பட்டா ஒருவர் பேரில், பூ பாட்டி பேரில். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் இதுவும் ஒன்று. அங்கே பெண்கள் பறித்துப் பாறைமேல் குவிக்கிறார்கள். யாருடைய கொல்லையில் பறித்தீர்கள் என்று கபிலரும் கேட்கவில்லை. "உனக்கு ரெண்டு கிளை விட்டு வச்சிருக்கேன், சாமிக்குப் போட்டுக்க" என்று பாட்டி போகிற போக்கில் சொன்னதைச் செடியின் வாடகைதாரர்கள் நன்றியோடு ஏற்றுக்கொண்டனர்.

இனி உரிப்பொருள். அது விசாரித்தலும் விசாரித்தல் நிமித்தமும் ஆகும். என்னுதலிற்றோ எனின், புதுக் குடும்பம் தெருவை அறிகிறது என்று பொதுவாக நம்பப்படுவதை மறுத்தல் நுதலிற்று. உண்மையில் தெருதான் குடும்பத்தை அறிகிறது. குடும்பம் மளிகைக்கடை எங்கே, நல்ல தயிர் எங்கே, பிளம்பர் யார் என்று மூன்றைத் தெரிந்துகொள்வதற்குள் தெரு முப்பதைத் தெரிந்துகொள்கிறது. அதுவும் மளிகைக்கடைக்கு வழி சொல்கிற சாக்கில். "நேரே போயி சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க. ரெண்டு கிலோ அரிசியா? ஓ, மூணு பேருதானா வீட்டுல?"

கேள்விகளில் இரண்டு வகை. வாடகை எவ்வளவு, சார் எந்த ஆபீஸ், பாப்பா எத்தனாவது என்பன வெளிப்படைக் கேள்விகள். இவற்றுக்கு விடை சொன்னால் போதும். மற்றவை உள்ளுறை உடையன. செய்யுளில் எருமை தாமரையை மேய்ந்தால் அது எருமையைப் பற்றிய செய்தி அல்ல என்று உரையாசிரியர்கள் சொல்வார்கள். அதுபோல "கவிச்சி சாப்பிடுவீங்களா?" என்பது சமையலைப் பற்றிய கேள்வி அல்ல. "எல்லாம் சாப்பிடுவோம்" என்றால் அடுத்தது வரும்: "குலதெய்வம் எந்தப் பக்கம்?" பக்திமேலீட்டால் கேட்பது என்று எண்ணி மாவட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால், "அங்க எந்தத் தெருவுல இருக்காங்க உங்க ஆளுங்க?" இப்போது கேள்வி வந்த வாசல் தெரிந்துவிடும். கேட்க வேண்டிய ஒரு சொல்லைக் கேட்காமலே சுற்றி வேலி கட்டுகிற இந்த நயம் மெச்சத்தக்கதுதான். மெச்சத்தக்க வேறு காரியங்களுக்கு இது பயன்பட்டிருக்கலாம். தப்பிக்க ஆய்வாளர் ஓர் உத்தி கண்டார்: "நாங்க மெட்ராஸ்லயே பொறந்து வளந்தவங்க."

"சரி. அதுக்கு முன்னாடி?"

பிறப்பதற்கு முன்னால் எங்கிருந்தோம் என்று சித்தாந்த சாத்திரங்கள் விளக்கியிருக்கின்றன. ஆனால் கேட்டவருக்கு அவ்விடை போதவில்லை. நேரே சொல்வதில்லை என்று குடும்பம் முடிவெடுத்தது. சொல்லாமல் விட்டதையும் ஒரு விடையாக எடுத்துக்கொண்டு, தெரு தனக்குள் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. அவ்வழக்கு இன்னும் நிலுவையில்.

விசாரிப்புக்கு உகந்த இடம் ஹரித்ராநதிக் கரை. பெயர்தான் நதி, பார்த்தால் நடுவில் கோயிலும் சுற்றிலும் நான்கு கரையுமாக 23 ஏக்கர் தெப்பக்குளம். மாலையில் நடை போகிறவர் புது ஆளைச் சேர்த்துக்கொண்டால் அவ்வளவு நீரையும் சுற்றி முடிக்கும்வரை விடமாட்டார். வடகரையில் கேட்ட கேள்விக்குத் தென்கரையில் விடை வந்துவிட வேண்டும் என்பது எழுதாச் சட்டம். அதன் பிறகு அவர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார், சர்க்கரை குறைந்த திருப்தியோடு.

களவில் பிறக்கும் ஊர்ப்பேச்சை அம்பல், அலர் என இரண்டாகச் சொல்வர். அம்பல் மொட்டு, சிலருக்குள் முணுமுணுப்பது. அலர் விரிந்தது, ஊரே அறிந்தது. ஆய்வாளரின் மனைவி வீட்டிலிருந்தபடி சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர். இரவு எட்டு மணிக்கு மீட்டிங்கில் குரல் சற்று உயரும். முதல் வாரத்து அம்பல்: "லேப்டாப்ப வச்சுக்கிட்டு யார்கூடயோ இங்கிலீஷ்ல சண்டை போடுது அந்தப் பொண்ணு." இது கீரைக்காரம்மா, இஸ்திரிக்காரர், கேஸ் போடும் தம்பி என்ற வாயில்கள் வழியாகப் பந்தலடிக்குப் போய்த் திரும்பிவந்தபோது அலராகியிருந்தது: "கோர்ட்டுல கேசு நடக்குதாம். வீடியோவுலயே ஆஜராகுறாங்களாம்." தொல்காப்பியர் வாயில்கள் பன்னிரண்டு என்றார். பேட்டரி வண்டியில் குப்பை வாங்க வருகிறவரையும் சேர்த்தால் பதின்மூன்று. எந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதற்கு அவரிடம் இருப்பதுதான் முதன்மைச் சான்று.

பெயர் சுட்டாமை அடுத்த இலக்கணம். அகத்திணை மாந்தரை இயற்பெயரால் சுட்டக் கூடாது என்பது விதி. தலைவன், தலைவி, தோழி என்றுதான் சொல்ல வேண்டும். சங்கம் கலைந்த பின்னும் இவ்விதியைக் கடுகளவும் மீறாமல் காப்பாற்றி வருவது சிற்றூர்த் தெருக்கள்தாம். இங்கே வாத்தியாரம்மா, பேங்க்காரர், மாடிவீட்டம்மா, துபாய்க்காரர் வீடு என்பார்களே தவிரப் பெயர் சொல்வதில்லை. வாசலில் பெயர்ப்பலகை இருந்தாலும் அது தபால்காரருக்கு. கூரியர் தம்பிக்கு அதுவும் பயன்படாது. கதவு எண், தெரு, அஞ்சல் குறியீடு என்று போனில் முறையாக ஒப்பித்தபோது மறுமுனையில் நீண்ட அமைதி. பின்பு, "சார், ஹெட்மாஸ்டர் வீடா? அத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

அந்த ஹெட்மாஸ்டரை ஆய்வாளர் கண்டதில்லை. ஆயினும் அவர் பெயரில் பொட்டலம் வாங்குகிறார், அவர் வீட்டு விருந்தாளி போலவே வாழ்கிறார். இப்படி ஒட்டுக்குடியாக இருக்கும் காலத்தை இத்திணையின் கைக்கிளை எனலாம். குடும்பத்துக்குத் தெருவைத் தெரியும், தெருவுக்கு ஹெட்மாஸ்டரை மட்டுமே தெரியும். பெருந்திணை இதற்கு நேரெதிர். வந்து இறங்கிய அன்றே புதுக்குடும்பத்தார் எதிர்வீட்டில் போய், "உங்களுக்குச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்பது. பொருந்தாமை இதற்குமேல் இல்லை.

கைக்கிளை தீர்ந்தது மகளால். ஆறாம் வகுப்புக்காரி, ஆரஞ்சு நிறச் சைக்கிளில் தெருவை இடவலமாக அளந்துகொண்டிருந்தவள், ஒரு மாலை பிள்ளையார் கோயில் திருப்பத்தில் பால்காரர் வண்டியில் போய் மோதினாள். முழங்காலில் சிராய்ப்பு, இரண்டு லிட்டர் பால் தரையில். அன்றிரவு மஞ்சள் பத்தோடும் தேங்காய் எண்ணெயோடும் வந்தவர்கள் எல்லாரும் தாம் யார் வீடு என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார்கள். விடிந்தபோது ஹெட்மாஸ்டர் வீடு "சைக்கிள் பாப்பா வீடு" ஆகியிருந்தது. தந்தையின் பதவி, தாயின் சம்பளம், வாசல் பெயர்ப்பலகை ஆகிய எதனாலும் ஆகாத காரியம் இரண்டு லிட்டர் பாலில் முடிந்தது என்பது குறிக்கத்தக்கது. இப்போது கூரியர் தம்பி போனே செய்வதில்லை.

இம்முடிவுகளை அறிஞர் ஒருவர் பார்வையிட வேண்டும் என்பதால், தெருவின் கடைசி வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழையாவிடம் கையெழுத்துப்படி கொடுக்கப்பட்டது. பங்குனித் திருவிழாவுக்குப் பந்தல்கால் நட்டிருந்த நேரம் அது. ராஜகோபாலனுக்குப் பதினெட்டு நாள் விழா; பதினாறாம் நாள் வெண்ணெய்த்தாழியில், தவழும் கண்ணனாகப் பல்லக்கில் வரும் பெருமாள்மேல் ஊரே வெண்ணெயை அள்ளி வீசும். வெளியூர்ச் சொந்தங்கள் வந்து இறங்குகிற நாட்கள். தமிழையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை எச்சில் தொட்டு, ஒரு பக்கம் விடாமல் படித்தார். சந்திப்பிழை இரண்டைத் திருத்தினார். எட்டாம் திணைக்கு நச்சினார்க்கினியர் உடன்படுவார், இளம்பூரணர் யோசிப்பார் என்றார். தாளை மடித்துக் கையில் கொடுத்தார்.

"நல்லா வந்திருக்கு தம்பி. ஆமா, வெண்ணெய்த்தாழிக்கு உங்க பக்கத்துலேர்ந்து யாரெல்லாம் வர்றாங்க? மன்னை எக்ஸ்பிரஸா, இல்ல அந்தப் பக்கத்துலேர்ந்து பஸ்ஸா?"